மூன்று துடிப்பும் ஒன்றுபோல் கேட்கிறதா?

மெல்போர்னில் வசிக்கும் வாசகர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். 1993ஆம் ஆண்டு மஸ்டா ஆர்எக்ஸ்-7 கார் ஒன்று விலைக்கு வந்திருக்கிறதாம். டர்போ பொருத்திய ரோட்டரி இன்ஜின். சிறுவயதிலிருந்தே அந்தக் கார் மேல் அவருக்கு ஆசை. ஆனால் இதுவரை வைத்திருந்த இரண்டு பேரிடமும் தலைக்கு ஒருமுறை இன்ஜின் போயிருக்கிறது. “ராசியில்லாத வண்டி, கிட்டேயே போகாதே” என்று அப்பா சொல்லிவிட்டார். “இந்த இன்ஜினுக்கு மட்டும் ஏன் சார் இப்படி ஆகிறது? வாங்கலாமா, வேண்டாமா?” என்பது அவருடைய கேள்வி.

ராசியைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அந்த இன்ஜினுக்குள் இரண்டு மில்லிமீட்டர் கனத்தில் ஆறு உலோகப் பட்டைகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கிறது.

அடிப்படையை வேகமாகக் கடந்துவிடுவோம். உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம் ஆகிய நான்கும் சாதாரண இன்ஜினில் ஒரே சிலிண்டருக்குள் அடுத்தடுத்து நடக்கும். ரோட்டரியில் பிஸ்டனும் கிடையாது, வால்வும் கிடையாது. இடுப்பு சற்று ஒடுங்கிய நீள்வட்டக் கூட்டுக்குள், பக்கங்கள் உப்பிய முக்கோண ரோட்டர் ஒன்று மையம் விலகிச் சுற்றுகிறது. அதன் மூன்று பக்கங்களுக்கும் கூட்டின் சுவருக்கும் நடுவே மூன்று அறைகள். சுற்றச் சுற்ற அவை விரிந்து சுருங்கும். நான்கு வேலைகளும் கூட்டின் நான்கு இடங்களில் நடக்கும். ரோட்டர் ஒரு சுற்றுச் சுற்றினால், அது சுழற்றும் இன்ஜின் தண்டு மூன்று சுற்றுச் சுற்றும்.

ஆர்எக்ஸ்-7இன் 13பி இன்ஜினை மூன்று எண்களில் சொல்லிவிடலாம். மையத்திலிருந்து முனைவரை 105 மி.மீ., மையம் விலகிய தூரம் 15 மி.மீ., ரோட்டரின் அகலம் 80 மி.மீ. இவற்றைப் பெருக்கி, மூன்றாலும் மூன்றின் வர்க்கமூலத்தாலும் பெருக்கிப் பாருங்கள்: 654 கன சென்டிமீட்டர். இரண்டு ரோட்டர்களுக்கு 1308. இந்தச் சின்ன இன்ஜினிலிருந்துதான் 1991இல் 255 குதிரைத்திறன் எடுத்தார்கள். 2002இல் உற்பத்தி நிற்பதற்குள் அது 280 ஆகிவிட்டது.

முக்கோணத்தின் முனை சுவரை உரசும் இடத்தில் இடைவெளி இருந்தால் ஓர் அறையின் வாயு பக்கத்து அறைக்குக் கசிந்துவிடும். அதைத் தடுக்க ஒவ்வொரு முனையிலும் ஒரு காடி வெட்டி, அதற்குள் ஒரு பட்டையை வைத்து, பின்னால் ஒரு சிறு ஸ்பிரிங்கையும் வைத்திருக்கிறார்கள். இதன் பெயர் ஏபெக்ஸ் சீல். கடந்த ஆண்டு மெல்போர்ன் போயிருந்தபோது, ரோட்டரி இன்ஜின்களை மட்டுமே பிரித்துப் பூட்டும் ஒரு சிறு பட்டறையில் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். பட்டறைக்காரர் எண்ணெய்க் கையோடு ஒரு சீலை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். சுண்டுவிரலைவிடச் சற்று நீளம், பள்ளி அடிக்கோல் அளவுக்குக் கனம். விளிம்பு சற்றே உருண்டிருந்தது. அது ஏன் உருண்டிருக்க வேண்டும் என்று அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

முனை, சுவருக்கு எப்போதும் செங்குத்தாக நிற்பதில்லை. மேலே சொன்ன அளவுகளின்படி அது ஒரு பக்கம் 25 பாகை சாய்ந்து, நிமிர்ந்து, மறுபக்கம் 25 பாகை சாய்கிறது. விளிம்பு உருண்டிருப்பதால்தான் எப்படிச் சாய்ந்தாலும் ஏதோ ஒரு கோட்டில் சுவரைத் தொட்டுக்கொண்டே இருக்கிறது. வேகமும் சீராக இல்லை. தண்டு நிமிடத்துக்கு 7500 சுற்றுச் சுற்றும்போது, சீலின் வேகம் நொடிக்கு சுமார் 16 மீட்டருக்கும் 39 மீட்டருக்கும் இடையே ஏறி இறங்குகிறது. 39 மீட்டர் என்றால் மணிக்கு 140 கிலோமீட்டர். அந்த வேகத்தில் உலோகத்தின் மேல் உலோகம் தேய்கிறது. நடுவே இருப்பது எண்ணெய்ப் படலம் மட்டும்.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இதற்கு அடுத்த வரி. சுற்றும் பொருள் வெளிப்பக்கம் தள்ளப்படும், ஆகவே சீல் தானாகவே சுவரோடு ஒட்டிக்கொள்ளும் என்றுதான் நினைத்திருந்தேன். பெரும்பாலான இடங்களில் அப்படித்தான். ஆனால் கூட்டின் இடுப்பு உட்பக்கம் வளைந்திருக்கிறது. அங்கே கணக்கு தலைகீழாகிறது. விசை உட்பக்கம் திரும்பி, சீலைச் சுவரிலிருந்து பிரித்துக் காடிக்குள் தள்ளப் பார்க்கிறது. ஸ்பார்க் பிளக்குகள் இருப்பதும் ஓர் இடுப்பின் ஓரத்தில்தான்! அந்த நொடியில் சீலைப் பிடித்துவைப்பது பின்னாலிருக்கும் ஸ்பிரிங்கும், வாயுவும். ஆம், எந்த வாயுவை அடைக்க வேண்டுமோ அதே வாயு. காடியில் மயிரிழை இடைவெளி விட்டிருக்கிறார்கள். அழுத்தம் மிகுந்த பக்கத்து வாயு அதன் வழியே நுழைந்து, சீலுக்குப் பின்னால் தேங்கி, அதைச் சுவரை நோக்கித் தள்ளுகிறது. அழுத்தம் கூடக் கூட அடைப்பும் இறுகும். இயற்பியலில் இவ்வளவு அழகான ஏற்பாடுகளை நான் அதிகம் பார்த்ததில்லை.

இது புரிந்துவிட்டால் பழைய ரோட்டரி காரின் நோய்கள் பாதி புரிந்துவிடும். ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாகச் சுற்றும்போது வாயு அழுத்தம் குறைவு, சுழற்சி விசையும் குறைவு. தேய்ந்த சீல் தன் குறையைக் காட்டும் நேரம் அதுதான். ஓடிக்கொண்டிருக்கும்போது நன்றாக இருக்கும் இன்ஜின், சூடாக அணைத்து மறுபடி கிளப்பும்போது திணறினால் கம்ப்ரஷன், அதாவது அறைகளின் அமுக்கம், போய்க்கொண்டிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பி, காரை இரண்டடி நகர்த்தி, உடனே அணைக்கவும் கூடாது. எரியாத பெட்ரோல் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிவிடும். எண்ணெய் போனால் அடைப்பும் போகும். மறுநாள் கார் கிளம்பாது. எண்ணெய் குறைகிறதே என்று பதறவும் வேண்டாம். சீலுக்கு எண்ணெய் தெளிப்பதற்கென்றே ஒரு சிறு பம்ப் இருக்கிறது, அந்த எண்ணெய் எரிந்துதான் போகும். பெட்ரோல் போடும்போதெல்லாம் எண்ணெய் அளவைப் பார்த்துவிடுங்கள்.

இனி டர்போ, அதாவது வெளியேறும் புகையால் சுழன்று இன்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் விசிறி. ரோட்டரியின் எரியும் அறை நீண்டு ஒடுங்கியது. ஓர் அறைக்கு இரண்டு பிளக் வைத்தும் தீ அதன் கடைசி மூலைவரை எட்டுவதில்லை. அதனால் பெட்ரோல் வீணாகிறது, புகை மிகச் சூடாக வெளியேறுகிறது. புகைவழியைத் திறக்க வால்வு இல்லை. முனை கடந்ததும் சட்டென்று திறந்துவிடும். சூடும் வேகமும் உள்ள இந்தப் புகை டர்போவுக்கு விருந்து. ஆர்எக்ஸ்-7இல் இரண்டு டர்போக்கள்: முதலாவது குறைந்த வேகத்திலேயே எழுந்துகொள்ளும், சுமார் 4500 சுற்றில் இரண்டாவது சேர்ந்துகொள்ளும். இந்தக் கைமாற்றத்தை நடத்துபவை இன்ஜினைச் சுற்றிப் பின்னிக் கிடக்கும் ரப்பர்க் குழாய்கள். முப்பது வருடச் சூட்டில் அவை கருவாடாகக் காய்ந்திருக்கும். ஒன்று விரிசல் விட்டாலும் இரண்டாவது டர்போ ஒழுங்காக எழாது. எல்லாவற்றையும் சிலிகான் குழாய்களாக மாற்றிவிடுவது நல்லது.

சீல் உடைவது பெரும்பாலும் இங்கே செய்யும் தவறால்தான். சத்தத்துக்காகவும் வேகத்துக்காகவும் புகைக்குழாயை அகலமாக்குகிறார்கள். தடை நீங்கியதும் டர்போ கட்டுக்கு அடங்காமல் கூடுதல் காற்றைத் திணிக்கிறது; இன்ஜினின் கணினி அதற்கேற்ற பெட்ரோலைக் கொடுப்பதில்லை. கலவை நேரத்துக்கு முன்பே வெடிக்கிறது. பிஸ்டன் இன்ஜின் இப்படிப்பட்ட சில அடிகளைத் தாங்கும். இரண்டு மில்லிமீட்டர் பட்டை தாங்காது. உடைந்த துண்டு புகையோடு வெளியேறி, போகிற போக்கில் டர்போவின் இறக்கைகளையும் சிதைத்துவிட்டுப் போகும். அதனால் காரில் என்னென்ன மாற்றினார்கள் என்பதை விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்குங்கள்.

இன்ஜின் ஐந்து அடுக்குகளை நீண்ட போல்ட்டுகளால் இறுக்கிய அமைப்பு. அடுக்குகளுக்கு நடுவே, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்ட் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள். ஒருமுறை கொதித்தாலே அவை கெட்டுவிடலாம். காலையில் கிளப்பும்போது தித்திப்பு வாடையுடன் வெண்புகை வந்தாலோ, கூலண்டில் குமிழி எழுந்தாலோ வாங்க வேண்டாம். பழைய மாடல்களில் கூலண்டிலிருந்து காற்றைப் பிரிக்கும் சிறு பிளாஸ்டிக் தொட்டி ஒன்று உண்டு. இன்னும் பிளாஸ்டிக்காகவே இருந்தால் முதல் வேலையாக அலுமினியத்துக்கு மாற்றுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இந்த இன்ஜினின் தந்தை ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல். முதல் மாதிரி 1957இல் என்எஸ்யு நிறுவனத்தில் ஓடியது. ஹிரோஷிமாவின் மஸ்டா 1961இல் உரிமம் வாங்கியது. ஓட்டிப் பார்த்தால் கூட்டின் உட்சுவரில் வரிவரியாகக் கீறல். சீல் அதிர்ந்து, துள்ளித் துள்ளிச் சுவரைக் கொத்தியிருந்தது. ‘சாத்தானின் நகக்கீறல்’ என்று பெயர் வைத்தார்களே தவிர, சாத்தான்மேல் பழியைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை. கெனிச்சி யமமோட்டோவின் கீழ் 47 பொறியாளர்கள் சீலின் பொருளையும் வடிவத்தையும் மாற்றி மாற்றிச் சோதித்தார்கள். கடைசியில் கார்பனில் அலுமினியம் ஊட்டிய சீல் கைகொடுத்தது. 1967இல் காஸ்மோ ஸ்போர்ட் சாலைக்கு வந்தது. அதே ஆண்டு என்எஸ்யு தன் ரோ 80 காரை அவசரமாக விற்பனைக்கு விட்டு, தேய்ந்த சீல்களுக்காக இன்ஜின் இன்ஜினாக மாற்றிக் கொடுத்தே தளர்ந்து, 1969இல் வோக்ஸ்வாகன் குழுமத்துக்குள் போய்ச் சேர்ந்தது. மஸ்டாவோ 1991இல் நான்கு ரோட்டர் கொண்ட 787பி காருடன் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுத்த மறு வருடமே ‘பலன் எங்கே?’ என்று நம் நிதிக் குழுக்கள் கேட்கும்போதெல்லாம் அந்த 47 பேரை நினைத்துக்கொள்கிறேன். பல வருடங்கள் தோற்பதற்கும் சேர்த்து அவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நம் இளம் ஆய்வாளர்களுக்கும் அது வேண்டும்.

வாசகருக்கு என் பதில் இதுதான். காரை அரை மணி நேரம் ஓட்டுங்கள். சூடாக அணைத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி கிளப்புங்கள். பிறகு ரோட்டரிக்கென்றே உள்ள கருவியால் கம்ப்ரஷன் பார்க்கச் சொல்லி, ஆறு அறைகளுக்கும் ஆறு எண்களை வாங்குங்கள். சாதாரண மானி மூன்று அறைகளில் உயர்ந்த அழுத்தத்தை மட்டும் பிடித்துவைத்துக்கொண்டு மற்ற இரண்டை மறைத்துவிடும்.

காதாலும் அறியலாம். அன்று அந்தப் பட்டறையில் பிளக்கைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டார்கள். துளையிலிருந்து காற்று ‘பஃப், பஃப், பஃப்’ என்று வந்தது. முதல் ரோட்டரில் மூன்றும் ஒரே பலம். இரண்டாவதில் ஒன்று பலமாக, அடுத்த இரண்டும் சோர்ந்து. ஒவ்வொரு ஏபெக்ஸ் சீலும் இரண்டு அறைகளுக்குப் பொதுச் சுவர். அது உடைந்தால் இரண்டு துடிப்புகள் விழும். ஒன்று மட்டும் சோர்ந்திருந்தால், ரோட்டரின் பக்கவாட்டை அடைக்கும் சீல் மேல் சந்தேகம். திறந்து பார்த்தபோது பட்டறைக்காரர் சொன்ன முனையில்தான் துண்டு உடைந்திருந்தது.

காரைப் பார்க்கப் போகும்போது அப்பாவையும் அழைத்துப் போங்கள். பிளக் துளைக்குப் பக்கத்தில் அவரை நிற்க வைத்து, அந்த மூன்று துடிப்புகளையும் கேட்கச் சொல்லுங்கள்.