மடிப்பில் மட்டும் ஏன் நரைக்கிறது?

கல்யாணப் பந்தியில் சாம்பார் சிந்திய வெள்ளைச் சட்டைக்கு அவசரப்பட்டு சோப்புப் போட்டால், மஞ்சள் கறை செக்கச்செவேலென்று மாறிப் பயமுறுத்தும். விவரம் தெரிந்தவர்கள் நன்றாக அலசிவிட்டு வெயிலில் காயப்போடுவார்கள். சாயங்காலத்துக்குள் கறை பாதி போயிருக்கும். இன்னும் இரண்டு நாள் வெயில் பட்டால் இருந்த இடம் தெரியாது.

அந்த வெயிலை மெச்சிக்கொண்டிருந்த நான், என் துணி அலமாரியில் அதே வேலையை அது செய்துகொண்டிருந்ததைக் கவனிக்கவில்லை. ஜாக்கெட் பிட், தையல் கடையில் மிஞ்சிய வெட்டுத் துணி, பழைய பாவாடை என்று துண்டு துண்டாகச் சேர்த்துவைத்திருந்தேன். எல்லாம் க்வில்ட் தைக்கத்தான். துண்டுத் துணிகளை ஒட்டித் தைத்து, நடுவே பஞ்சு வைத்து, மூன்று அடுக்கையும் சேர்த்துத் தையல் ஓட்டுகிற போர்வை அது. அலமாரிக்குக் கதவு இல்லை, எதிரே ஜன்னல். அடுக்கிவைத்த நிறங்கள் பார்க்க அழகாக இருக்கும் என்று நானே தேர்ந்தெடுத்த இடம். இரண்டு வருடம் கழித்து ஒரு கத்தரிப்பூ நிறத் துணியை விரித்தேன். மடிப்பு வெளியே தெரிந்த இடங்களில் எல்லாம் வரிசையாக நரைத்த கோடுகள். உள்ளே இருந்த பாகம் கடையில் வாங்கிய அன்று இருந்தபடியே இருந்தது. நேர் வெயில் ஒருநாளும் அந்த அலமாரியில் விழுந்ததில்லை, ஜன்னல் வழியே வந்த வெளிச்சம்தான் இதைச் செய்தது.

சாயத்துக்கு நிறம் இருப்பதற்கும் அது வெளிறிப்போவதற்கும் காரணம் ஒன்றுதான்: அது ஒளியை விழுங்குகிறது. சாய மூலக்கூறில் ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறி மாறி வரும் நீண்ட தொடர் ஒன்று இருக்கும். அதில் உள்ள எலக்ட்ரான்கள் ஒளியின் சில அலைநீளங்களைப் பிடித்துக்கொள்கின்றன. பிடிபடாமல் திரும்பி வருவது நம் கண்ணுக்கு நிறமாகத் தெரிகிறது. மஞ்சளில் உள்ள குர்குமின் ஊதா, நீலப் பகுதியை விழுங்குவதால் மஞ்சளாகத் தெரிகிறது. விழுங்கிய ஆற்றலை மூலக்கூறு பெரும்பாலும் வெப்பமாக்கித் துணியிடம் கொடுத்துவிட்டுப் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் எப்போதாவது ஒருமுறை, கிளர்ந்த நிலையில் இருக்கும்போதே பக்கத்தில் உள்ள ஆக்சிஜனோடு வினைபுரிந்துவிடும். அப்போது அந்தத் தொடர் அறுந்துபோகிறது. அறுந்த மூலக்கூறுக்கு நிறம் கிடையாது. துணியில் ஈரப்பதம் இருந்தால் பல சாயங்களில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இதனால்தான் புற ஊதாக் கதிரை மட்டும் குற்றம் சொல்வது சரியில்லை. அதன் ஆற்றல் அதிகம், சேதமும் அதிகம், உண்மைதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் சாயம் விழுங்கத்தானே செய்கிறது? ஜன்னல் கண்ணாடி புற ஊதாவில் ஒரு பகுதியைத்தான் தடுக்கும். அதன்மேல் ஒட்டுகிற தடுப்பு ஃபிலிம் மீதியையும் பெருமளவு நிறுத்தும். இரண்டையும் தாண்டி வரும் வெளிச்சத்திலும் துணி நரைக்கும். எல்இடி பல்பில் புற ஊதா அனேகமாக இல்லை என்றாலும் அதன் அடியிலும் நரைக்கும், மெதுவாக.

எவ்வளவு மெதுவாக என்று பார்க்க அருங்காட்சியகக் கணக்கு உதவும். பழந்துணிகளைக் காட்சிக்கு வைக்கும் அறைகளில் வெளிச்சம் 50 லக்ஸைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வருடம் முழுவதும் என்று வைத்துக்கொண்டால் 1,46,000 லக்ஸ்-மணி ஆகிறது. உச்சி வெயில் சுமார் 1,00,000 லக்ஸ். ஆக, அருங்காட்சியகம் ஒரு வருடம் சிக்கனமாகச் செலவழிக்கும் வெளிச்சத்தை மொட்டைமாடிக் கொடி ஒன்றரை மணி நேரத்தில் கொடுத்துவிடுகிறது. ஜன்னலுக்கு எதிரே உள்ள அலமாரிக்கு 500 லக்ஸ் வருகிறது என்றால் அதே அளவு 37 நாளில் சேர்ந்துவிடும். பெரும்பாலான சாயங்களுக்கு மொத்தம் எவ்வளவு வெளிச்சம் பட்டது என்பதுதான் கணக்கு. கொஞ்சமாக ரொம்ப நாள் பட்டாலும், நிறையக் கொஞ்ச நேரம் பட்டாலும் விளைவு ஏறக்குறைய ஒன்றே. இடையில் இருட்டில் வைத்தால் நரைப்பது நிற்கும். போன நிறம் திரும்பி வராது.

எல்லாச் சாயமும் ஒரே வேகத்தில் போவதில்லை. இதற்கு நம் கடற்கரையிலிருந்து போன துணிகளே சாட்சி. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கடற்கரையின் பூவேலைச் சாயத்துணிகளை ஐரோப்பியர்கள் கப்பல் கப்பலாக வாங்கிப் போனார்கள். அவற்றில் பல அங்கே க்வில்ட்டாகவும் படுக்கை விரிப்பாகவும் மாறின. சாயவேரில் கிடைக்கும் சிவப்பு படிகாரத்தோடு சேர்ந்து பருத்தியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். இன்றைக்கும் அந்தப் பூக்கள் சிவப்பாகவே இருக்கின்றன. அவுரி நீலமும் தாக்குப்பிடித்தது. பச்சைக்குத் தனிச் சாயம் கிடையாது, நீலத்தின் மேல் மஞ்சள் பூசினார்கள். அந்தத் தாவர மஞ்சள் வெளிச்சத்தில் போய்விட, மிஞ்சியது நீலம். பழைய துணிகளில் நீல இலைகளைப் பார்த்து என்ன ஒரு கற்பனை என்று வியக்க வேண்டாம். வரைந்தவர் பச்சை இலைதான் வரைந்தார்.

அமெரிக்க க்வில்ட்களிலும் இதே கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வந்த சில செயற்கைப் பச்சைகள் இன்று காக்கி நிறத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே துருக்கிச் சிவப்பு என்ற கெட்டிச் சாயம் அப்படியே ஜொலிக்கிறது.

சரி, கதவுள்ள பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டால் தீர்ந்ததா? பெரும்பகுதி தீர்ந்தது. வெளிச்சம் இல்லாமலும் நிறத்தைக் கெடுக்கக்கூடியது காற்றில் இருக்கிறது. அடுப்பு எரியும்போதும் வண்டி ஓடும்போதும் நைட்ரஜன் ஆக்சைடுகள் உண்டாகின்றன. அசிடேட் இழையில் ஏற்றிய சில நீலங்களை இவை சிவப்பாகத் திருப்பிவிடும். ஓசோன் அவுரி நீலத்தைச் சிதைத்து மஞ்சளாக்கும். அடுக்கிவைத்த ஜீன்ஸின் மடிப்போரம் மஞ்சள் பாய்வது பல நேரம் இதனால்தான். அதனால் சமையலறைப் பரண் துணி வைக்கிற இடமல்ல.

பாலிதீன் கவர் விஷயம் இன்னும் வேடிக்கை. பிளாஸ்டிக் சீக்கிரம் கெடாமலிருக்க அதில் பிஎச்டி (BHT) என்ற வேதிப்பொருளைச் சேர்ப்பது உண்டு. அது மெல்லக் கசிந்து துணிக்கு வரும், காற்றிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடோடு சேர்ந்து மஞ்சளாகும். பத்திரமாக இருக்கட்டும் என்று கவருக்குள் வைத்த வெள்ளைத் துணி ஒரு கையும் படாமல் மஞ்சள் பூப்பது இப்படித்தான். இந்த மஞ்சள் நிறம் சோப்பு போன்ற காரப்பொருள் பட்டால்தான் பளிச்சென்று தெரியும். சோப்பு முழுதாகப் போகாத துணியில் எடுப்பாக இருக்கும், லேசான அமில நீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். கவருக்குப் பதில் கஞ்சி போடாத, நன்றாகத் துவைத்த பழைய பருத்தி வேட்டியில் சுற்றலாம். கஞ்சி வேண்டாம் என்பது வெள்ளிமீன் பூச்சிக்காக, அதற்குக் கஞ்சி விருந்து. செய்தித்தாளும் வேண்டாம், அதிலுள்ள லிக்னின் என்ற மரப்பொருள் நாளாக ஆக அமிலமாகிப் பழுப்பேறும், அந்தப் பழுப்பு துணிக்கும் வரும். அந்துருண்டை பூச்சிக்கு மட்டும்தான், நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்கிறார்களே? சாயத் தொட்டியில் சாயத்தை நூலுக்குள் தள்ள உப்பு உதவும். சாயம் ஏறி முடிந்த துணிக்கு அது பெரிதாக ஒன்றும் செய்யாது, வெளிச்சத்துக்கு எதிராகத் துளியும் உதவாது. துவைக்கும்போது சாயம் கழல்வதும் வெளிச்சத்தில் நரைப்பதும் வேறு வேறு. முதல் அலசலில் வாளியைச் சிவப்பாக்கிய துணி ஜன்னலோரம் பல வருடம் தாங்கலாம்.

எந்தத் துணி தாங்கும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது. சாய ஆலைகளில் இதற்கு நீலக் கம்பளி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 1 முதல் 8 வரை எண்ணிட்ட எட்டு நீலப் பட்டைகள், ஒவ்வொன்றும் முந்தையதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் தாங்கும். சோதிக்கும் துணியையும் பட்டைகளையும் ஒன்றாக ஒளியில் வைத்து, எந்தப் பட்டையோடு துணி நரைக்கிறது என்று பார்ப்பார்கள். வீட்டில் அவ்வளவு தேவையில்லை. ஒவ்வொரு துணியிலும் இரண்டு விரல் அகலம் வெட்டி, பாதியைக் கெட்டி அட்டையால் மூடி, ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிட்டால் போதும்.

நான் பதினொரு துண்டு ஒட்டினேன். ஆறு வாரம் கழித்து அட்டையை எடுத்தபோது நான்கில் நடுவே கோடு விழுந்திருந்தது. வெளிர் ரோஜா ரொம்ப மோசம். ஒரே சாயமானாலும் நூலில் கம்மியாக ஏறியிருக்கும் வெளிர் நிறங்கள் சீக்கிரம் தோற்கும். அந்த நான்கையும் பீரோவின் அடித்தட்டுக்கு அனுப்பினேன். மீதி ஏழும் திறந்த அலமாரியில்தான் இருக்கின்றன, ஜன்னலில் திரை போட்டிருக்கிறேன், மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றிப் போடுகிறேன். அந்தக் கத்தரிப்பூத் துணியைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. நரைத்த கோடுகளைத் தனித் தனியாகக் கத்தரித்து எடுத்தேன். ஒரே துணியில் இரண்டு நிறம் கிடைத்தது.