36 யூனிட்டுக்கு 465 ரூபாயா?

ஊட்டியில் உறைபனி விழுந்துகொண்டிருந்த 2023 ஜனவரி. கீழ்வீட்டு அக்கா போனில் வந்த கரண்ட் பில்லை நீட்டினார். "போன தடவை 1,581, இப்போ 2,046. நாங்க புதுசா ஒண்ணும் வாங்கலையே தம்பி. மீட்டர் தப்பா ஓடுது."

முதலில் யூனிட்டைப் பார்த்தோம். இந்த ரீடிங்கிலிருந்து போன ரீடிங்கைக் கழித்தால் 512. முந்தைய இரண்டு மாதம் 476. கூடியது 36 யூனிட்தான்.

மீட்டரையும் சோதித்தோம். அதன் முகப்பில் 3200 என்று போட்டிருந்தது. சிவப்பு விளக்கு அத்தனை முறை மினுக்கினால் ஒரு யூனிட். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு 2000 வாட் கீசரை மட்டும் போட்டால் மணிக்கு 2 யூனிட், அதாவது நிமிடத்துக்குச் சுமார் 107 மினுக்கு. எண்ணினோம். 105 வந்தது. மீட்டர் பாவம், அதன்மேல் குற்றமில்லை.

அப்படியானால் 36 யூனிட் எங்கே போயிற்று? ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். 860 கிலோகலோரி சேர்ந்தால் ஒரு யூனிட். மேல்தொட்டித் தண்ணீர் அன்று 10 டிகிரி. அதை 45க்குக் கொண்டுவர 25 லிட்டர் கீசருக்கு ஏறக்குறைய ஒரு யூனிட். அக்டோபரில் அதே தண்ணீர் 18 டிகிரி என்றால் முக்கால் யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே போதும். (சென்னையில் 28 டிகிரித் தண்ணீருக்கு அரை யூனிட். சமவெளிக்காரர்களுக்கு நம் பில் புரியாது!) நாளுக்கு இரண்டு முறை கீசர் நிறைந்தால், 60 நாளில் குளிர் மட்டுமே கூட்டுவது 28 யூனிட். விளாவுகிற பச்சைத் தண்ணீரும் சில்லிட்டிருக்குமே, அதற்காக வெந்நீரும் கூடுதலாகச் செலவாகும். கணக்கு ஒத்துப்போயிற்று.

ஆனால் 36 யூனிட்டுக்கு 465 ரூபாயா? இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். 2022 செப்டம்பர் கட்டணப்படி, 500க்குள் நின்றால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட் 2.25 ரூபாய், 400 வரை 4.50, அதற்கு மேல் 6. ஐந்நூறைத் தாண்டிய கணமே அந்த 2.25 படி காணாமல் போகும், 101லிருந்தே 4.50. அதற்கே 225 ரூபாய் கூடுதல். ஐந்நூறுக்கு மேல் 600 வரை ஒவ்வொன்றும் 8 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725, 501க்கு 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! விலைகள் பிறகு மாறின. நான் சொல்வது அன்றைய பில்லின் கணக்கு.

அக்கா தாண்டியது 12 யூனிட். அறுபது நாளுக்குப் பிரித்தால் தினமும் சுமார் 5 லிட்டர் வெந்நீர். அதைச் சொன்னதும் அவர் குளியலறைப் பக்கம் திரும்பினார்.

"ஷேவ் பண்றப்போ பைப்பை மூடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது!"

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது.