டைட்டானியத்தை ரத்தம் தொடும் முதல் நிமிடங்கள்

பல் இம்பிளான்ட் வைக்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள்: எந்த கம்பெனி, எத்தனை வருடம் தாங்கும்? அதன் மேற்பரப்பை எப்படிப் பதப்படுத்தியிருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. எலும்பு எவ்வளவு சீக்கிரம் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பதில் இந்த மேற்பரப்புக்குப் பெரிய பங்கு உண்டு.

தாடை எலும்பில் துளையிட்டு டைட்டானிய ஸ்க்ரூவைத் திருகியதும் அதைச் சூழ்வது ரத்தம். காற்றுப் பட்ட உடனேயே டைட்டானியத்தின் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். ரத்தம் தொடுவது அந்தப் படலத்தைத்தான். சில வினாடிகளில் புரதங்கள் அதில் ஒட்டத் தொடங்கும். ரத்தத்தில் அதிகம் இருக்கும் ஆல்புமின் முந்திக்கொள்ளும். பின்னால் வரும் ஃபைப்ரினோஜென் அதை நகர்த்திவிட்டு இடம் பிடிக்கும். அப்புறம் தட்டணுக்கள் ஒட்டி, வளர்ச்சிக் காரணிகளை வெளியிடும். ஃபைப்ரினோஜெனிலிருந்து உருவாகும் ஃபைப்ரின் இழைகள் பின்னி ரத்தம் உறையும்.

எலும்பை உருவாக்கும் செல்கள் இந்த இழைகளைப் பற்றி இழுத்துக்கொண்டுதான் இம்பிளான்ட்டை நோக்கி நகரும். வழவழப்பான பரப்பாக இருந்தால், அந்த இழுப்பில் இழைகள் பரப்பிலிருந்து பிய்ந்துவிடலாம். அப்படியானால் செல்கள் பாதியிலேயே நின்றுவிடும். துளையின் சுவரிலிருந்து எலும்பு மெதுவாக வளர்ந்து வர வேண்டியதுதான். சொரசொரப்பான பரப்பில் இழைகளுக்கு நல்ல பிடி கிடைக்கும். செல்கள் இம்பிளான்ட் வரை வந்து அதன் மேலேயே எலும்பைப் படியவைக்கும்.

1965-இல் ஸ்வீடனில் மருத்துவ ஆய்வாளர் பிரானெமார்க் முதல் நோயாளிக்கு வைத்தவை கடைசல் இயந்திரத்தில் செய்த, ஓரளவு வழவழப்பான இம்பிளான்ட்கள். அந்த வகையை எலும்பு பிடித்துக்கொள்ளும் வரை கீழ்த்தாடையில் மூன்று மாதம், மேல்தாடையில் ஆறு மாதம் காத்திருப்பது வழக்கமாக இருந்தது. இன்று துகள்களை வேகமாகப் பீய்ச்சி, அமிலத்தில் அரித்து, சராசரியாக 1 முதல் 2 மைக்ரான் சொரசொரப்பு வரும்படி செய்கிறார்கள். காத்திருப்பு பலருக்குச் சில வாரங்களாகக் குறைந்திருக்கிறது.

இன்னொரு விஷயம், நீரை ஈர்க்கும் தன்மை. டைட்டானியம் காற்றில் கிடந்தால் கரிமப் பொருள்கள் படிந்து, நீரை ஒட்டவிடாத தன்மை வந்துவிடும். அதனால்தான் சில இம்பிளான்ட்கள் உப்புக்கரைசலில் மூழ்கியபடி வருகின்றன. சிலவற்றைப் பொருத்தும் முன் புற ஊதாக் கதிரில் வைக்கிறார்கள். நீரை ஈர்க்கும் பரப்பில் ரத்தம் உடனே பரவும். திருகியபோது கிடைத்த பிடிமானம் இரண்டாவது வாரத்திலிருந்து நான்காவது வாரம் வரை சற்றுத் தளர்வது இயல்பு; இத்தகைய பரப்பின் பலன் அந்தக் காலத்தில்தான் அதிகம் தெரியும். எலும்பு நன்றாக இருப்பவர்களுக்கு நாளடைவில் வித்தியாசம் சுருங்கிவிடும். எனவே விளம்பரத்தை மட்டும் நம்பி அதிகப் பணம் கொடுக்காதீர்கள்.

செல்களுக்கு வசதியான சொரசொரப்பு கிருமிகளுக்கும் வசதிதான். ஈறு இறங்கி, எலும்பு கரைந்து அந்தப் பகுதி வெளியே தெரிய ஆரம்பித்தால் அழுக்குப் படிந்துகொண்டே போகும். சுத்தம் செய்வதும் கடினம். ஈறில் ரத்தக் கசிவு இருந்தால் வலி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். வலியே இல்லாமல் எலும்பு கரைவதை அடிக்கடி பார்க்கிறேன்.

வைத்த அன்று வேகமாகக் கொப்பளிக்காதீர்கள். புகை வேண்டவே வேண்டாம். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்திருங்கள். ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் உறைவு நன்றாக அமையட்டும் என்று தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. அது உயிருக்கே ஆபத்து. மருந்து எழுதிய மருத்துவரிடம் நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இம்பிளான்ட் டப்பாவோடு தயாரிப்பு எண் கொண்ட ஸ்டிக்கர் வரும். அதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வேறு ஊரில் வேறு மருத்துவர் அதைச் சுத்தம் செய்யவோ பழுது பார்க்கவோ நேர்ந்தால், உள்ளே இருப்பது எந்த வகை, எப்படிப்பட்ட பரப்பு என்று அதை வைத்து அவர் எளிதாகக் கண்டுபிடிக்கலாம்.