கரண்டுக்கு எடை போட்ட கதை

மல்டிமீட்டர் 1 ஆம்பியர்னு காட்டுது, அது சரின்னு யார் சொன்னா? அதைவிட நல்ல மீட்டரோட ஒப்பிட்டிருப்பாங்க, அந்த மீட்டரை இன்னொன்னோட. இப்படியே பின்னாடி போனா எங்கயோ ஒரு இடத்துல மீட்டரே இல்லாம, நீளம், எடை, நேரம் இந்த மூணை மட்டும் வச்சு யாராவது கரண்டை அளந்தே ஆகணும். அப்சல்யூட் அளவுன்னு சொல்றது இதைத்தான்.

கரண்ட் போற ரெண்டு கம்பி ஒன்னையொன்னு இழுக்கும், இல்லன்னா தள்ளும். ஆனா ரொம்ப ரொம்ப கம்மியா. 1 மீட்டர் தள்ளி ரெண்டு நீளக் கம்பி, ரெண்டுலயும் 1 ஆம்பியர்னா ஒரு மீட்டர் நீளத்துக்கு வர்ற இழுப்பு சுமார் 20 மைக்ரோகிராம் எடைதான், ஒரு அரிசில ஆயிரத்துல ஒரு பங்கு. அதனால கம்பியை நிறைய சுத்து சுத்தி காயிலாக்கிடுவாங்க.

1884ல கேம்பிரிட்ஜ் கேவண்டிஷ் லேப்ல இயற்பியல் விஞ்ஞானி ரேலேயும் அவரோட மனைவியோட அக்கா எலினார் சிட்ஜ்விக்கும் இப்படித்தான் செஞ்சாங்க. தராசோட ஒரு பக்கம் சின்ன காயில் தொங்குது, அதுக்கு மேல ஒன்னு கீழ ஒன்னுன்னு அசையாத பெரிய காயில், ஒன்னு இழுக்க இன்னொன்னு தள்ள, ரெண்டு விசையும் ஒரே திசைல சேர்ந்துக்கும். தராசை சமன் பண்ணிட்டு பெரிய காயில்ல மட்டும் கரண்டை திருப்பி விடுவாங்க, விசையும் திரும்பிடும், மறுபடி சமனாக்க எவ்வளவு எடைக்கல் மாத்தணுமோ அது விசையோட ரெண்டு மடங்கு. தொங்குற காயிலோட சொந்த எடை கணக்குலயே வராது.

எனக்கு ரொம்ப பிடிச்சது அடுத்த விஷயம். அடுக்கடுக்கா சுத்துன காயிலோட ஆரத்தை ஸ்கேல் வச்சு எப்படி துல்லியமா எடுக்கிறது? விசை உச்சத்துக்கு வர்ற இடைவெளில காயிலை வச்சா, இடைவெளி துளி முன்னபின்ன இருந்தாலும் பெரிசா பாதிக்காது, அதோட விசை ரெண்டு ஆரத்தோட விகிதத்தை மட்டும்தான் நம்பியிருக்கும். அந்த விகிதத்துக்கும் ஸ்கேல் வேண்டாம், ரெண்டு காயிலையும் ஒரே மையத்துல வச்சு எதிரெதிரா கரண்ட் விட்டு, நடுவுல இருக்கிற குட்டி காந்த ஊசி அசையாம நிக்கிற மாதிரி கரண்டை சரி பண்ணா போதும், அப்போ ரெண்டு கரண்டுக்கும் என்ன விகிதமோ அதுலருந்து ஆர விகிதம் வந்துடும். என்ன ஒரு யோசனை!

இந்த தராசை எல்லா ஊர்லயும் கட்ட முடியாதே, அதனால அதே கரண்டை சில்வர் நைட்ரேட் கரைசல்லயும் விட்டு படியுற வெள்ளியை எடை போட்டாங்க, ஒரு ஆம்பியருக்கு வினாடிக்கு கிட்டத்தட்ட 1.118 மில்லிகிராம். 1908 லண்டன் மாநாட்டுல இந்த எண்ணையே வச்சு சர்வதேச ஆம்பியர்னு முடிவு பண்ணாங்க. அப்புறம் இன்னும் நல்ல தராசுங்க வந்தப்போ பார்த்தா அந்த வெள்ளி ஆம்பியர் 0.99985தான், பத்தாயிரத்துல ஒன்றரை பங்கு கம்மி. 1948 ஜனவரி 1லருந்து அப்சல்யூட் ஆம்பியருக்கே மாறிட்டாங்க.

ஆனாலும் காயிலோட வடிவத்தை அளக்கிற தலைவலி தீரல. 1975ல இங்கிலாந்தோட தேசிய இயற்பியல் ஆய்வகமான என்பிஎல்ல பிரையன் கிப்பிள் ஒரு வழி சொன்னார்: எடை போட்ட அதே காயிலை காந்தப்புலத்துல மேலகீழ நகர்த்தி, என்ன வேகத்துக்கு எவ்வளவு வோல்ட் வருதுன்னும் பாரு. ரெண்டு கணக்குலயும் காயிலோட நீளமும் காந்தப்புலமும் ஒரே மாதிரி வர்றதால வகுத்தா ரெண்டும் அடிபட்டுப் போயிடும்.

2019 மே 20லருந்து ஆம்பியரை எலக்ட்ரானோட மின்னூட்டத்தை வச்சுதான் வரையறுக்கிறாங்க, அதோட அளவு 1.602176634 × 10⁻¹⁹ கூலும்னு நிலையா முடிவு பண்ணியாச்சு. அன்னிக்கே கிலோகிராமும் மாறுச்சு, குவாண்டம் இயற்பியல்ல வர்ற பிளாங்க் மாறிலிங்கிற மாறாத எண்ணை வச்சு. எடைக்கல்லை வச்சு கரண்டை கண்டுபிடிச்ச அந்த தராசோட வாரிசான கிப்பிள் தராசுல இப்ப கரண்டையும் வோல்ட்டையும் வச்சு கிலோவைக் கண்டுபிடிக்கிறாங்க.