பும்ரா மூன்று டெஸ்ட் மட்டும் ஆடியதை வீட்டில் எப்படிப் பேசினோம்?

2025 ஆகஸ்ட். இங்கிலாந்தில் இந்தியா ஆடிய தொடரின் கடைசி ஆட்டமான ஓவல் டெஸ்ட் முடிந்த வாரம். சேலத்தில் என் பிசியோதெரபி மையத்துக்கு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அப்பாவுடன் வந்தான். வலது கை வேகப்பந்து வீச்சாளன். இடுப்புக்குச் சற்று மேலே, இடப்பக்கம் மட்டும் வலி. இரண்டு மாதமாக இருக்கிறதாம். சுளுக்கு என்று எண்ணெய் போட்டு நீவி விட்டிருக்கிறார்கள், ஸ்ப்ரே அடித்திருக்கிறார்கள். கடைசியில் மெடிக்கலில் இடுப்பு பெல்ட் வாங்கிக் கட்டிக்கொண்டும் பந்து போட்டிருக்கிறான்.

இடது காலில் மட்டும் நின்று பின்பக்கம் வளையச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

"எக்ஸ்ரே எடுத்துட்டோம் சார், எலும்பு நல்லா இருக்குன்னுட்டாங்க" என்றார் அப்பா. திரும்பத் திரும்ப விழும் சுமையால் எலும்பில் வரும் விரிசலை ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்போம்; தொடக்க நிலையில் அது சாதாரண எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு மருத்துவரிடம் அனுப்பினேன். எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்ததில், இடுப்புப் பகுதியின் கடைசி முள்ளெலும்பில் இடப்பக்கம் விரிசல். குறைந்தது மூன்று மாதம் பந்தைத் தொடக் கூடாது என்று சொன்னதும் அவன் வலியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"பும்ரா மாதிரி ரெஸ்ட் கேக்கறான்னு கிண்டல் பண்ணுவாங்க சார்" என்றான்.

அன்று இரவு எனக்கு வேறு எதிலும் மனம் ஓடவில்லை. இந்தப் பையனுக்கு ஓய்வு என்பது கேவலம் என்று யார் சொல்லிக் கொடுத்தது? அவனுடைய நாயகன் சொல்லவில்லை. நாம்தான் சொன்னோம்.

அந்த இங்கிலாந்துத் தொடரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஐந்து டெஸ்டில் மூன்றில்தான் பும்ரா ஆடுவார் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. அப்படியே லீட்ஸ், லார்ட்ஸ், மான்செஸ்டர் மூன்றிலும் ஆடினார். தொடருக்கு முன் தினேஷ் கார்த்திக்குடன் பேசிய பேட்டியில், டெஸ்ட் கேப்டன் பொறுப்புக்குத் தன் பெயரைப் பார்க்க வேண்டாம் என்று வாரியத்திடம் தானே சொல்லிவிட்டதாகவும், பணிச்சுமையை யோசித்தே அப்படிச் சொன்னதாகவும் வெளிப்படையாகப் பேசினார். மறுபக்கம் இன்னொரு வேகப்பந்து வீச்சாளர் சிராஜ் ஐந்து டெஸ்டும் ஆடி 23 விக்கெட் எடுத்தார். ஓவலில் ஆறு ரன்னில் ஜெயித்தோம். உடனே ஒப்பீடு கிளம்பிவிட்டது. ஒருவர் வீரர், இன்னொருவர் வேலையைத் தட்டிக் கழிப்பவர். டீக்கடையிலும் வாட்ஸப் குழுவிலும் வீட்டு சோபாவிலும் இதையே பேசினோம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வளரும் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள்.

சிராஜின் உழைப்பை நான் மனதாரக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் உடல் வேறு, பும்ராவின் உடல் வேறு. பும்ராவுக்கு 2019 செப்டம்பரிலேயே கீழ் முதுகில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் வந்தது. மீண்டும் முதுகுக் காயத்தால் 2022இல் டி20 உலகக் கோப்பை போயிற்று. 2023 மார்ச்சில் நியூசிலாந்தில் முதுகில் அறுவை சிகிச்சை. அதே ஆண்டு ஆகஸ்டில்தான் அயர்லாந்தில் திரும்பி வந்தார். அடுத்த ஆண்டு டி20 உலகக் கோப்பையில் 15 விக்கெட், தொடர் நாயகன் விருது. 2025 ஜனவரியில் சிட்னி டெஸ்ட் நடுவிலேயே முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார். அதனால் சாம்பியன்ஸ் டிராபியும் தவறியது. இத்தனையும் பட்டவர், இந்திய அணியின் கேப்டன் பதவியே கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது, "என் முதுகு இதைத் தாங்காது" என்கிற பொருளில் பேசுகிறார். பதினான்கு வயதுப் பையனுக்கு ஒரு விளையாட்டு வீரர் செய்து காட்டக்கூடிய தலைமைச் செயல் இதைவிடப் பெரிதாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

பையன்கள் நாயகனைப் பார்க்கும்போது முதலில் படிப்பது அவர்களுடைய உடம்புதான். சின்னச் சின்ன அடியாகத் தத்தி வந்து, கையை விறைப்பாக நீட்டிப் பந்து போடும் பையன்களை எங்கள் ஊர் மைதானங்களில் எந்த மாலையிலும் பார்க்கலாம். அம்மாவின் மதியத் தூக்கம் கெடக்கூடாது என்று வீட்டுச் சுவரும் தரையும் சேரும் இடத்தில் சத்தமில்லாமல் பந்தைப் போட்டுத்தான் பும்ரா யார்க்கர் பழகினார் என்ற கதை எல்லாருக்கும் மனப்பாடம். "2023 மார்ச்சில் என்ன நடந்தது தெரியுமா தம்பி?" என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

அந்த உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தரையில் ஊன்றும் நொடியில், உடல் எடையைப் போலப் பல மடங்கு விசை மேலேறுகிறது. அதே நொடியில் கீழ் முதுகு பின்னால் வளைந்து, பக்கவாட்டில் சாய்ந்து, முறுக்கிக்கொண்டும் இருக்கிறது. இவ்வளவும் போய்ச் சேருவது முள்ளெலும்பின் பின்பக்கத்தில் உள்ள ஒரு மெல்லிய எலும்புப் பாலத்தில். வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் இடப்பக்கம், இடது கைக்காரருக்கு வலப்பக்கம். பதின்வயதில் பையன் ஒரே வருடத்தில் மளமளவென்று உயர்வான்; எலும்பு நீண்டுவிடும், ஆனால் அதற்கேற்ற கெட்டித்தன்மை பிறகுதான் வரும். இருபதுகளின் தொடக்கம்வரைகூட அந்த வேலை நடந்துகொண்டிருக்கும். 2011இல் 18 வயதில் ஜோகன்னஸ்பர்கில் முதல் டெஸ்ட் ஆடி ஆட்ட நாயகன் ஆன பாட் கம்மின்ஸ், அடுத்த டெஸ்டை ராஞ்சியில் ஆடியது 2017 மார்ச்சில். இடையில் போன ஐந்தாண்டுகளில் பெரும்பகுதி முதுகுக்குப் போனது. பிறகு அவர்தான் ஆஸ்திரேலியாவின் கேப்டன் ஆனார்.

சென்னைக்கு இதில் ஒரு பழைய தொடர்பு உண்டு. ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் டென்னிஸ் லில்லி 1973இல் மேற்கிந்தியத் தீவுகள் பயணத்தில் முதுகெலும்பு முறிந்து, மாவுக்கட்டில் கிடந்து, பந்துவீச்சு முறையையே மாற்றிக்கொண்டு திரும்பியவர். 1987இல் வேகப்பந்து வீச்சாளர்களுக்கான பயிற்சி மையமான எம்.ஆர்.எஃப். பேஸ் ஃபவுண்டேஷன் சென்னையில் தொடங்கியபோது பயிற்சி கொடுக்க வந்தவர் அவர்தான். தோள் ஒரு திசையும் இடுப்பு ஒரு திசையும் பார்க்கும் கலப்பு முறையில் வீசினால் முதுகு போகும் என்பதைத் தன் வலியிலிருந்தே அறிந்தவர். வேகப்பந்து வீச்சாளராகும் ஆசையில் அங்கே வந்த சச்சின் என்ற சிறுவனை, நீ பேட்டிங்கைப் பார் என்று திருப்பி அனுப்பியவரும் அவரே.

எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். வேகப்பந்து வீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜனை இங்கே எல்லா வீட்டிலும் தெரியும். 2020–21 ஆஸ்திரேலியப் பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமாகி, ஊர் திரும்பியபோது சாரட்டில் ஊர்வலம் வந்தார். அந்தக் காட்சியைப் பார்த்த பையன்கள் இன்னும் அதைச் சொல்கிறார்கள். சில மாதம் கழித்து, 2021 ஏப்ரலில் அவருக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்ததையும், அதற்கும் முன்பு பந்துவீச்சு முறை மீது புகார் வந்து அதைத் திருத்திக்கொள்ள அவர் மைதானத்துக்கு வெளியே பாடுபட்டதையும் யாரும் சொல்வதில்லை. சொந்த ஊரிலேயே மைதானம் கட்டி, 2023 ஜூனில் தினேஷ் கார்த்திக்கை வைத்துத் திறந்தார். எனக்கு அவரிடம் ஒரு வேண்டுகோள் உண்டு: அங்கே வரும் பிள்ளைகளிடம் அந்த முழங்காலைப் பற்றியும் பேசுங்கள். நாங்கள் நூறு தடவை சொல்வதும் நீங்கள் ஒரு தடவை சொல்வதும் ஒன்றாகாது.

பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது பந்துக் கணக்கு. அந்தப் பையனின் கணக்கை அவன் அப்பாவையே போடச் சொன்னேன். கோச்சிங் சென்டரில் வாரம் மூன்று நாள், நாளுக்கு அறுபது பந்து. பள்ளி அணிப் பயிற்சியில் இரண்டு நாள், ஐம்பது ஐம்பது. ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பந்துப் போட்டி மூன்று மேட்ச். முந்நூறைத் தாண்டியதும் அப்பா பேனாவை வைத்துவிட்டார். கோச்சுக்குப் பள்ளிக் கணக்கு தெரியாது, பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு தெரியாது. மூன்றையும் சுமந்தது ஒரே முதுகு. இங்கிலாந்து வாரியம் பல ஆண்டுகள் வைத்திருந்த வழிகாட்டுதலில் 13 வயதுக்குட்பட்ட வேகப்பந்து வீச்சாளருக்கு ஒரு ஸ்பெல்லில், அதாவது ஒரே தொடர்ச்சியில், 5 ஓவர், ஒரு நாளில் 10 ஓவர்தான். வாரத்தில் நான்கு நாளுக்கு மேல் பந்து வீசக் கூடாது. நம் ஊரில் இதைக் கவனிக்க வீட்டில் உள்ளவர்களைத் தவிர ஆளில்லை.

பந்து போடும் பிள்ளைக்கு ஒரு பக்கமாகக் கீழ் முதுகு வலி, பின்னால் வளைந்தால் கூடுகிறது, ஓய்ந்தால் குறைந்து மறுபடி வீசினால் திரும்புகிறது என்றால் அதைச் சுளுக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு வாரம் தாண்டவிடாமல் எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ பாருங்கள். எக்ஸ்ரே நன்றாக இருக்கிறது என்றால், எம்.ஆர்.ஐ. தேவையா என்று கேளுங்கள். நீவி விடுவது, பெல்ட் கட்டுவது, வலி மாத்திரை போட்டு மேட்ச் ஆடுவது மூன்றும் வேண்டாம். சீக்கிரம் பிடித்துவிட்டால் பெரும்பாலும் ஓய்விலேயே எலும்பு கூடிவிடும்.

விளம்பரம் பற்றியும் ஒரு வார்த்தை. 2001இல் ஆல் இங்கிலாந்து பட்டம் வென்ற பாட்மிண்டன் வீரர் கோபிசந்த், குளிர்பான விளம்பரத்தில் நடிக்க மறுத்தார். இன்று என் மையத்துக்கு வரும் பையன்கள் பையில் எனர்ஜி டிரிங்க் வைத்திருக்கிறார்கள். குழந்தைகளுக்கு உகந்ததல்ல என்று அந்த டின்னிலேயே எழுதியிருக்கிறது. எழுத்து பொடியாகவும், அதை விற்கும் வீரர்களின் படம் பெரிதாகவும் இருக்கிறது. எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

அந்தப் பையன் நான்கு மாதம் கழித்துப் பந்தைத் தொட்டான். முதல் வாரம் பாதி ஓட்டத்தில் பன்னிரண்டு பந்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதி போட்டு எழுதி வந்து காட்டுவான். போன முறை வந்தபோது கூடவே கொஞ்சம் உயரமான ஒருவனைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவன் உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றான்.

"இவனுக்கும் இடப்பக்கம்தான் சார், மூணு வாரமாச்சு. வீட்ல சொல்ல மாட்டேங்கறான்."