குல்லாப் பூவின் பின்னால் ஒரு ஊக்கு

மலைவாழைப்பழத்தின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. விருப்பாச்சிப் பழம் இல்லையென்றால் பழனி பஞ்சாமிர்தத்துக்கு அந்த மணம் ஏது? நானும் தினம் ஒன்று சாப்பிடுகிறவள்தான். ஆனால் ஊக்கை விழுங்கிய குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து, "பழம் குடுத்துட்டோம் டாக்டர்" என்று ஏதோ பரீட்சையில் பாஸானவர்கள் மாதிரி சொல்லும்போது எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. இந்த வருடத்தில் இது மூன்றாவது முறை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

கொடைக்கானலில் காது மூக்கு தொண்டை பார்க்கிறேன். மலையில் பார்ப்பதுதான் என் வேலை. மயக்க மருந்து கொடுத்துச் செய்ய வேண்டியதையெல்லாம் கீழே, சமவெளியில் இருக்கும் ஒரு மருத்துவமனையில் செய்கிறேன்.

போன வாரம் இரவு எட்டரை மணிக்கு மேல்மலைக் கிராமம் ஒன்றிலிருந்து பதினோரு மாதக் குழந்தை வந்தது. ஏரிக்கரையில் வாங்கிய ரோஸ் நிறக் கம்பளிக் குல்லா. காதுக்கு மேலே துணியில் செய்த ஒரு மஞ்சள் பூ. பூவைக் காணோம் என்று தேடியபோது அது தொட்டிலுக்குள் கிடந்திருக்கிறது. பூவின் பின்னால் இருந்த ஊக்கு மட்டும் இல்லை. அது சாயங்காலம் ஐந்து மணிக்கு. அதற்குப் பிறகு குழந்தை பால் குடிக்கவில்லை, வாணி ஒழுகிக்கொண்டே இருந்தது. பல் முளைக்கிறது என்று நினைத்திருக்கிறார்கள். அப்புறம் சந்தேகம் வந்து, அப்பத்தா ரெண்டு பழத்தை மசித்து ஊட்டியிருக்கிறார்.

"வழுக்கிட்டுப் போயிரும்ல தாயி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார் அந்த அம்மா. வையவும் மனசு வரவில்லை.

எக்ஸ்ரேயில் ஊக்கு கழுத்துக்குக் கீழே, உணவுக்குழாய் தொடங்கும் இடத்திலேயே நின்றது. மூடியிருந்தால் பரவாயில்லை. கவட்டை மாதிரி விரிந்து, கூர்முனை மேலே பார்த்தபடி நின்றது. வத்தலக்குண்டு வரை ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் மலைப்பாதை, அன்றைக்குப் பார்த்துப் பெருமாள்மலையிலிருந்தே பனி மூட்டம். ஆம்புலன்ஸில் குழந்தையை அம்மா மடியில் நிமிர்த்தி உட்கார வைத்துக்கொண்டு நானும் கூடவே இறங்கினேன்.

மயக்க மருத்துவர் முதலில் கேட்டது, "கடைசியா என்ன சாப்பிட்டுச்சு?" நான் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, பழத்தை நானே ஊட்டியதுபோல இருந்தது.

இதை நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எத்தனை முறை சொன்னாலும் இது மட்டும் மண்டையில் ஏறுவதில்லை. திட உணவு உள்ளே போயிருந்தால் மயக்க மருந்து கொடுக்க 6 மணி நேரம் காத்திருப்பது வழக்கம். மயக்கத்தில் வயிற்றில் இருப்பது மேலே ஏறி நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். ஆனால் உணவுக்குழாயில் விரிந்து நிற்கும் ஊக்குக்கு 6 மணி நேரம் கொடுக்க முடியாது. காத்திருந்தால் ஊக்கு குத்தும், காத்திராவிட்டால் பழம் நெஞ்சுக்குள் போகும். அப்பத்தா அன்போடு கொடுத்த ரெண்டு பழம் எங்களை நிறுத்திய இடம் அதுதான்.

அதோடு முடியவில்லை. காத்திராமல் மயக்கம் கொடுத்து, வாய் வழியாக உள்ளே பார்க்கும் குழாயை இறக்கினால், மசித்த பழம் ஊக்குக்கு மேலேயே தங்கியிருந்தது. கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்ப்பதுபோல் தெளிவாகப் பார்க்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் கூழ். உறிஞ்சும் குழாய் அடைத்துக்கொள்ளும், கழுவுவோம், மறுபடி அடைக்கும். பழத்தின் நடுவில் இருக்கும் அந்தக் கருப்புப் பொட்டுகளைக்கூட நான் எண்ணியிருக்கலாம். அரை மணி நேரம் கழித்துத்தான் கம்பியின் பளபளப்பு ஓரமாகத் தெரிந்தது.

"எங்க காலத்துல பழம் குடுத்தே எல்லாம் வெளிய வந்துருக்கே" என்று நீங்கள் கேட்பீர்கள். வந்திருக்கும். காசு, மணி, பாசி, மூடிய ஊக்கு, எதுவானாலும் வயிற்றுக்குள் இறங்கிவிட்டால் பெரும்பாலும் தானாகவே சில நாள்களில் வெளியே வந்துவிடும். பழம் கொடுத்தாலும் வரும், கொடுக்காவிட்டாலும் வரும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. பேர் மட்டும் வாழைப்பழத்துக்குப் போய்விட்டது. வராமல் போனவை யார் வீட்டுக் கதையிலும் இடம்பெறுவதில்லை, அவை எங்கள் மேசைக்கு வந்துவிடுகின்றன. பழம் ஊசியைச் சுற்றிக்கொண்டு மெத்தை மாதிரி இறக்கும் என்பதெல்லாம் நம் கற்பனை. கூர்முனை சதையில் ஊன்றி நிற்கும்போது மேலிருந்து உருண்டையாக எதை இறக்கினாலும் ஊன்றிய முனைதான் இன்னும் ஆழமாக இறங்கும். சோற்று உருண்டைக்கும் இதேதான். விளக்கெண்ணெயும் வேண்டாம். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது இதையெல்லாம்விட மோசம். மேலே பார்த்து நிற்கும் முனையை மேலேயே தள்ளுகிறீர்கள்.

எங்கள் துறையில் சாமி மாதிரி ஒருவர் உண்டு, பிலடெல்பியாவில் வேலை பார்த்த செவாலியர் ஜாக்சன். தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் உணவுக்குழாயிலும் சிக்கி வெளியே எடுக்கப்பட்ட 2,374 பொருள்களை அவர் சேர்த்து வைத்திருந்தார். அந்த ஊரில் உள்ள மூட்டர் அருங்காட்சியகத்தில் இழுப்பறை இழுப்பறையாக இப்போதும் இருக்கின்றன; அவற்றில் ஊக்குகள் தனி வரிசை. அவர் சொல்லிக்கொடுத்த பாடம் ஒன்றே ஒன்று: முன்னால் போகும் முனை குத்தும், பின்னால் வரும் முனை குத்தாது. மேலே பார்த்த முனையை அப்படியே பிடித்து இழுத்தால் வரும் வழியெல்லாம் கிழித்துக்கொண்டு வரும். அதனால் முனையை முதலில் எங்கள் குழாய்க்குள் இழுத்து ஒளித்துக்கொள்ள வேண்டும். சில சமயம் ஊக்கை வயிற்றுக்குள் தள்ளி, அங்கே திருப்பி, முனை பின்னால் வரும்படி எடுக்க வேண்டியிருக்கும். அன்றைக்கு முனை குழாய்க்குள் வந்துவிட்டது. வெளியே எடுத்து வைத்தபோது ஒன்றரை அங்குலம்கூட இல்லை.

ஊக்கைக் கண்டுபிடித்தவர் வால்டர் ஹன்ட். 1849 ஏப்ரல் 10-ஆம் தேதி அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார், அதை 400 டாலருக்கு விற்றும்விட்டார். ஒரு பக்கம் சுருள், மறுபக்கம் முனையை மூடும் தொப்பி. விரலில் குத்தாமல் இருக்க வேண்டும் என்பதுதான் அதன் முழு நோக்கமே. நம் குல்லாக்களில் வரும் ஊக்கில் அந்தத் தொப்பி காகிதம் போன்ற தகரம். நான் எடுத்த ஊக்கை மேசைமேல் வைத்து மூடிப் பார்த்தேன், மூன்று முறை நெம்பியதும் வாயைப் பிளந்துவிட்டது.

சரி, குல்லாவில் ஊக்கு ஏன்? ஏரிக்கரையிலும் ஏழு ரோட்டிலும் கடை போட்டிருப்பவர்களிடம் கேட்டேன். குல்லா தனியாக மொத்தத்தில் வருகிறது, பூ, குஞ்சம், பட்டாம்பூச்சி எல்லாம் தனியாக வருகின்றன. தைத்துவிட்டால் அந்தக் குல்லாவுக்கு அந்தப் பூதான். குத்தி வைத்தால் வாங்க வருகிறவர் "இந்தக் குல்லா, அந்தப் பூ" என்று கேட்கும்போது மாற்றிக் கொடுத்துவிடலாம். சீசனில் கூட்டம் நெருக்கும்போது தைக்க யாருக்கு நேரம்? வியாபாரம் புரிகிறது. அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் பெரியவர்கள் தலைக்குச் செய்வதைப் பிள்ளைகள் தலைக்கும் செய்யாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பெரியவர்கள் தலையே சும்மா இருந்ததில்லை. தொப்பியைக் கொண்டையோடு சேர்த்துக் குத்தும் நீண்ட ஊசிகள் ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பெண்களிடம் இருந்தன. பக்கத்தில் உட்காருகிறவர் கண்ணைக் குத்துகிறது என்று, தொப்பியைத் தாண்டி அரை அங்குலத்துக்கு மேல் முனை நீட்டக் கூடாது என 1910-இல் சிகாகோ நகரசபை சட்டமே போட்டது.

கடைக்காரர்கள் கதை இன்னொன்றும் இருக்கிறது. குல்லாவில் பூக்குத்தும் வேலை பார்க்கும் ஒரு பெண், இருபது வயதுக்குள்தான் இருக்கும், மூன்று வாரமாக இருமல் என்று வந்தாள். பனிக்கு வரும் இருமல் என்று மருந்துக்கடையில் இரண்டு பாட்டில் வாங்கிக் குடித்திருக்கிறாள். பேச்சோடு பேச்சாகச் சொன்னாள்: உதட்டில் நாலு குண்டூசி வைத்துக்கொண்டு வேலை செய்யும்போது பக்கத்துக் கடை அக்கா ஏதோ சொல்ல, சிரித்துவிட்டாள். ஒன்றைக் காணோம். கொஞ்ச நேரம் இருமியது, அப்புறம் நின்றுவிட்டது. "முழுங்கிட்டேன்னு நெனச்சேன் மேடம், வெளிய போயிருக்கும்ல?" போகவில்லை. வலப்பக்க மூச்சுக்குழாயில் தலை கீழே, முனை மேலே என்று செங்குத்தாக நின்றது. சிரிக்கும்போது நாம் எல்லோருமே மூச்சை உள்ளே இழுக்கிறோம், உதட்டில் இருப்பதும் கூடவே போகும். முதல் இருமல் அடங்கிவிட்டால் பொருள் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை, உடம்பு அதற்குப் பழகிவிட்டது என்றுதான் அர்த்தம். முக்காடு குத்தும் பெண்களிடம் இதே விபத்தைத் துருக்கி, எகிப்து டாக்டர்கள் நிறையவே எழுதியிருக்கிறார்கள்.

நான் மட்டும் யோக்கியமா? புடவைக்கு மடிப்பு வைக்கும்போது என் வாயிலும் ஊக்கு இருந்திருக்கிறது. அந்தப் பெண் வந்துபோன மறுநாள் காலையில், கண்ணாடி முன்னால் ஊக்கோடு நின்றுகொண்டிருந்தவள் துப்பினேன். தாலிக்கொடியில் இரண்டு ஊக்கு கோத்து வைப்பதும் நம் பழக்கம்தான். பால் குடிக்கும் பிள்ளையின் கைக்கு முதலில் கிடைப்பது அதுதான். காத்து கருப்பு அண்டாமல் இருக்கக் குழந்தையின் குல்லாவில் இரும்பு இருக்கட்டும் என்று குத்தி வைப்பவர்களும் உண்டு. இரும்புதான் வேண்டுமென்றால் தொட்டிலுக்கு அடியில், குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நான் சண்டைக்கு வரவில்லை.

இப்போது புதிதாக மினுக்கும் பூ ஒன்று வந்திருக்கிறது. உள்ளே பொத்தான் பேட்டரி. இதை விழுங்கிய குழந்தைக்கு ஊக்கைவிட அவசரம். உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சதையை அரிக்கத் தொடங்கிவிடும். எதுவும் கொடுக்காதீர்கள் என்று கத்துகிற நான், கொடுங்கள் என்று சொல்லும் ஒரே இடம் இதுதான். ஒரு வயது தாண்டிய குழந்தை, விழுங்கி 12 மணி நேரத்துக்குள், விழுங்கியது பேட்டரிதான் என்று தெரிந்தால், மருத்துவமனைக்கு வரும் வழியிலேயே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு டீஸ்பூன் தேன், ஆறு முறைக்கு மேல் வேண்டாம். தேன் தேடிக் கடை கடையாக அலைந்து நேரத்தை வீணாக்காதீர்கள். ஒரு வயதுக்குள் தேனே கூடாது. ஊக்குக்குத் தேனும் கிடையாது.

ஊக்கோ குண்டூசியோ உள்ளே போனதாகச் சந்தேகம் வந்தாலே போதும், தண்ணீர் உட்பட வாயில் எதையும் கொடுக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். தாய்ப்பாலும் நாங்கள் பார்த்த பிறகுதான். தொண்டைக்குள் விரலை விடாதீர்கள், கண்ணுக்குத் தெரியாததைத் துழாவினால் உள்ளே தள்ளுவீர்கள். குழந்தை இருமினால் இருமட்டும், அழுதால் அழட்டும். மூச்சு ஓடுகிறது என்று அர்த்தம். சத்தமே வராமல் முகம் நீலம் பாய்ந்தால் மட்டும் வேறு வேலை: ஒரு வயதுக்குள் என்றால் கைமேல் குப்புறப் போட்டு, தலை தாழ, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு, திருப்பிப் போட்டு நெஞ்சின் நடுவில் அதே உள்ளங்கை அடிப்பகுதியால் ஐந்து அழுத்து, மாற்றி மாற்றி. ஒருவர் இதைச் செய்யும்போதே இன்னொருவர் 108-க்குப் போன் செய்யட்டும். குல்லாவைக் கையோடு கொண்டு வாருங்கள், அதே மாதிரி இன்னொரு ஊக்கு இருந்தால் அதையும். எக்ஸ்ரேயில் தெரிவது எந்தப் பக்கம் முனை, எந்தப் பக்கம் சுருள் என்று பார்க்க அது எனக்கு எவ்வளவு உதவும் என்று உங்களுக்குத் தெரியாது. கழுத்து, நெஞ்சு, வயிறு மூன்றும் தெரிய எடுக்க வேண்டும். நெஞ்சு மட்டும் எடுத்து ஒன்றும் இல்லை என்று அனுப்பிவைத்தால், கழுத்தைப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. இன்னொன்று, பிளாஸ்டிக் பாசி எக்ஸ்ரேயில் தெரியாது. ரத்தத்தில் ஏறி இதயத்துக்குப் போய்விடுமா என்று போனில் கேட்டு அழாமல், வண்டியில் ஏறுங்கள். அதற்கெல்லாம் வழியில் பதில் சொல்கிறேன்.

குல்லா வாங்கும்போது பூவைப் பிடித்து நன்றாக இழுத்துப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். குத்தியிருந்தால் ஊக்கைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, பூவை வீட்டில் தைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பூவும் பெரியதாக இருக்கட்டும். மூன்று வயதுக்குள்ளான பிள்ளைகளின் பொம்மைகளைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் அகலமுள்ள ஓர் உருளை உண்டு. அதற்குள் முழுவதும் அடங்குகிற எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. பூவே இல்லாத குல்லாவும் குளிரைத் தாங்கும்.

நேற்று அந்தக் குழந்தையைத் திரும்பக் காட்ட வந்தார்கள். நன்றாகப் பால் குடிக்கிறது. தலையில் அதே ரோஸ் குல்லா, அதே மஞ்சள் பூ. பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டேன். பூண்டு மூட்டை தைக்கும் சணலை எடுத்து, கோணி ஊசியால் ஆறேழு சுற்று தைத்திருந்தார் அப்பத்தா. பார்க்கச் சகிக்கவில்லை. பிடித்து இழுத்துப் பார்த்தேன், குல்லாதான் கையோடு வந்தது, பூ அசையவில்லை. மேசைமேல் ஒரு சீப்பு மலைப்பழத்தை வைத்துவிட்டு, "இது ஒனக்கு தாயி, பிள்ளைக்குக் குடுக்கல" என்றார்.