படையினர் கப்பல்

குயின் மேரி கப்பலைப் பற்றித் தமிழில் டப்பிங் செய்த ஆவணப்படம் ஒன்றை நேற்று பார்த்தேன். 'இந்தப் போர்க்கப்பலில் 16,683 பேர்' என்று குரல் முழங்கியது. இந்தத் தவறைக் கேட்பது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். போர்க்கப்பல் என்றால் சண்டை போடுகிற கப்பல். குயின் மேரியோ 1936-இல் ஓடத் தொடங்கிய பயணிகள் கப்பல். போர் வந்ததும் சாம்பல் நிறம் பூசி, அடுக்குக் கட்டில் போட்டுப் படைவீரர்களை ஏற்றினார்கள். அந்த 16,683 பேர் போனது 1943 ஜூலையில், ஒரே பயணத்தில். தற்காப்புக்குச் சில பீரங்கிகள் இருந்தன; மற்றபடி எதிரியைக் கண்டால் ஓடித் தப்புவதுதான் அதன் வேலை.

இதற்கு ஆங்கிலத்தில் ட்ரூப்ஷிப் என்று பெயர். ட்ரூப் என்றால் கூட்டம், பிரெஞ்சு வழி வந்த சொல். தமிழில் துருப்பு ஆனது. சரி, துருப்புக் கப்பல் என்றே வைத்துக்கொள்ளலாமே? வைக்கலாம்தான். ஆனால் இன்று துருப்பு என்றதும் சீட்டுக்கட்டுதான் நினைவுக்கு வருகிறது.

தனித்தமிழ் நண்பர் ஒருவர் 'படைக்கலம்' என்கிறார். கலம் என்றால் கப்பல், படை என்றால் சேனை, முடிந்தது வேலை! இராசேந்திர சோழன் கடாரத்துக்குப் படை அனுப்பியதை மெய்க்கீர்த்தி 'அலைகடல் நடுவுள் பலகலம் செலுத்தி' என்றுதானே சொல்கிறது என்று சான்றும் காட்டுகிறார். ஐயா, அங்கே கலம் தனியாக நிற்கிறது. முன்னால் படையை ஒட்டினால் அது வாள், வேல், துப்பாக்கி ஆகிவிடும். 'ஐயாயிரம் பேர் படைக்கலத்தில் ஏறினார்கள்' என்று படித்துப் பாருங்கள், உடம்பு கூசும்.

படைக்கப்பல் என்பதும் எனக்குப் பிடிக்கவில்லை. படை என்ற சொல்லுக்கே இரண்டு பொருள். குறளில் படைமாட்சி என்றால் சேனை. 'படைகொண்டார் நெஞ்சம்போல்' என்றால் ஆயுதம். அப்படியிருக்க, படைக்கப்பல் என்பதை ஆயுதம் தாங்கிய கப்பல் என்று ஒருவர் புரிந்துகொண்டால் தப்புச் சொல்ல முடியாது. கப்பற்படையைத் திருப்பிப் போட்டது போலவும் இருக்கிறது.

சரக்குக் கப்பல், எண்ணெய்க் கப்பல், பயணிகள் கப்பல் என்று வயிற்றில் இருப்பதை வைத்துப் பெயர் சொல்வது நம் வழக்கம். அந்த வழியில் இது படையினர் கப்பல். '-இனர்' வந்துவிட்டால் ஆயுதக் குழப்பம் இல்லை, ஆள்கள்தான். கடற்படையே ஓட்டினாலும் போர்க்கப்பல் இல்லையா என்று கேட்பார்கள். 1860-களில் பிரிட்டனுக்கும் இந்தியாவுக்கும் இடையே படைகளை ஏற்றி இறக்கவென்றே மலபார், ஜம்னா முதலான ஐந்து கப்பல்களைக் கட்டினார்கள். அவற்றை ஓட்டியது பிரிட்டிஷ் கடற்படைதான். இருந்தும் ட்ரூப்ஷிப் என்றே அழைத்தார்கள். ஓட்டுபவர் யார் என்று பார்க்கவில்லை.

அகராதியைப் புரட்ட நேரமில்லாத மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கடலில் மிதப்பதும் பீரங்கி இருப்பதும் போதும், போர்க்கப்பல். குயின் மேரி இப்போது கலிபோர்னியாவின் லாங் பீச்சில் ஓட்டலாக நிற்கிறது. 'போர்க்கப்பலில் அறை வாடகைக்கு' என்று அவர்கள் எழுதாமல் இருந்தால் சரி.